பதினாலு நாளும் அதுக்கப்புறம் வர்ற ஞாயிற்றுக்கிழமையும்

இந்த வருஷம் எனக்குத் தெரிஞ்சு நம்ம பேட்ச்ல ஒன்பது பேர் எம்.எஸ். படிக்க வெளிநாட்டுக்கு அப்ளை பண்ணியிருக்கோம். கேன்டீன்ல உட்கார்ந்தா அதே பேச்சுதான். எந்த யுனிவர்சிட்டி, எவ்வளவு சிஜிபிஏ, எஸ்ஓபியை யார்கிட்ட காட்டித் திருத்தறது, எந்த பேங்க்ல லோன் சீக்கிரம் வரும். ஃப்ளைட் இறங்கின பிறகு என்ன பண்றதுன்னு மட்டும் யாரும் பேசறதில்லை. அதை அங்க போய்ப் பார்த்துக்கலாம்னு ஒரு தைரியம். இந்தக் கட்டுரை அந்த விஷயத்தைப் பத்தி மட்டும்தான். அப்ளிகேஷன் பத்தி நிறைய பேர் எழுதிட்டாங்க.

நான் இன்னும் போகலை. அட்மிட் வந்திருக்கு, அக்டோபர்ல கிளம்பணும். "போகாதவன் சொல்றதை நாங்க ஏன் கேட்கணும்"னு நீங்க நினைக்கலாம், நியாயம்தான். ஆனா எங்க வீடு ரமண நகர்ல இருக்கு. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து எங்க மாடி போர்ஷன்ல யாராவது ஒரு வெளிநாட்டுக்காரங்க குடியிருக்காங்க. ஒருத்தர் எப்படி ஒரு புது ஊர்ல வேர் விடறாங்க, யாரு மூணு வாரத்துல பெட்டியைக் கட்டிக்கிட்டு ஓடறாங்கன்னு நான் இருபது வருஷமா வேடிக்கை பார்த்துக்கிட்டு இருக்கேன். இதோட, ஆக்கன்ல படிக்கிற நம்ம சீனியர் ஒருத்தர்கிட்டயும் ஜெர்மனி போயிட்டுத் திரும்பி வந்த எங்க பெரியப்பா பையன்கிட்டயும் கேட்டுத் தெரிஞ்சதையும் சேர்த்து எழுதறேன். அண்ணன் விஷயம் பின்னாடி வரும்.

முதல்ல ஒரு ஒற்றுமை. வெளிநாட்டுக்காரங்க ஒருத்தர் நம்ம வீட்டுல வந்து தங்கினா, வீட்டு உரிமையாளர் 24 மணி நேரத்துக்குள்ள ஃபார்ம் சி போடணும். அப்பாவுக்கு ஆன்லைன்ல பழக்கம் இல்லாததால எங்க வீட்டுல அது என் வேலை. பாஸ்போர்ட் நம்பர், வீசா நம்பர், எங்கேர்ந்து வர்றாங்க, அடுத்து எங்க போறாங்க, எல்லாம் நிரப்பணும். 180 நாளுக்கு மேல செல்லுபடியாகிற வீசாவுல நீண்ட நாள் தங்க வர்றவங்களா இருந்தா, வந்த 14 நாளுக்குள்ள எஃப்.ஆர்.ஆர்.ஓ.வுல பதிவு பண்ணணும். இதைச் செய்யாம விட்டு, கடைசில ஊருக்குப் போறப்போ எக்ஸிட் பெர்மிட்டுக்கு அலைஞ்சவங்களை நான் பார்த்திருக்கேன்.

அக்டோபர்ல நிலைமை தலைகீழா மாறும். ஜெர்மனில ஒரு வீட்டுக்குக் குடிபோனா ரெண்டு வாரத்துக்குள்ள அந்த ஊர் அலுவலகத்துல முகவரியைப் பதிவு செய்யணும். அதுக்குப் பேர் ஆன்மெல்டுங். அங்கயும் அதே 14 நாள். ஃபார்ம் சி மாதிரியே அங்கயும் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் வேணும், அதுக்குப் பேர் வோனுங்ஸ்கேபர்பெஸ்டேடிகுங். இந்த வார்த்தையை உச்சரிக்க நான் ஒரு வாரம் எடுத்துக்கிட்டேன், அர்த்தம் 'வீடு கொடுத்தவர் தர்ற உறுதி' அவ்வளவுதான். இந்தத் தாள் இல்லாம பதிவு கிடையாது. பதிவு இல்லாட்டி வரி எண் வராது, ரெசிடென்ஸ் பெர்மிட் நகராது, பல பேங்க்ல அக்கவுண்ட் கூட திறக்க மாட்டாங்க. அதனால ரூம் தேடும்போது வாடகை எவ்வளவுன்னு கேட்கறதுக்கு முன்னாடி "இந்த முகவரில பதிவு பண்ணலாமா"ன்னு கேளுங்க. பண்ண முடியாதுன்னு சொன்னா, எவ்வளவு சல்லிசா இருந்தாலும் அந்த ரூம் வேண்டாம். போட்டோ மட்டும் அனுப்பி, பணம் போட்டாதான் சாவின்னு சொல்றவங்ககிட்டயும் மாட்டாதீங்க.

பேர் விஷயம்

இது நமக்கே உரிய தலைவலி. தமிழ்நாட்டுல நமக்கு சர்நேம் கிடையாது, இனிஷியல்தான். உதாரணத்துக்கு உங்க பேர் எஸ். கார்த்திக், அப்பா பேர் செல்வம்னு வெச்சுக்குங்க. பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்துல செல்வம்னு இருந்தா, ஜெர்மனில உங்களை எல்லாரும் "ஹெர் செல்வம்"னுதான் கூப்பிடுவாங்க. நம்ம சீனியர் முதல் வாரம் டாக்டர் கிளினிக்ல அவங்க அப்பா பேரை மூணு தடவை கூப்பிட்டும் எழுந்திருக்காம உட்கார்ந்திருந்தாராம். "எங்கப்பா போளூர்ல இல்ல இருக்காரு"ன்னு நினைச்சாராம்.

சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை இது. அங்க போஸ்ட் கதவு எண் பார்த்து வராது. அபார்ட்மெண்ட்ல ரூம் நம்பரே பல இடத்துல கிடையாது. தபால் பெட்டில ஒட்டியிருக்கிற குடும்பப் பேரைப் பார்த்துத்தான் போடுவாங்க. பெட்டில உங்க பேர் இல்லைன்னா கடிதம் திரும்பிப் போயிடும். பேங்க் கார்டு ஒரு கடிதத்துலயும் அதோட பின் நம்பர் இன்னொரு கடிதத்துலயும் வரும். இன்ஷூரன்ஸ் அட்டை கடிதத்துல வரும். அதனால ரூம் சாவி வாங்கின அன்னிக்கே ஒரு சின்னத் தாள்ல பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே பேரை எழுதி டேப் போட்டு பெட்டில ஒட்டிடுங்க. சாப்பாட்டை விட இது முதல் வேலை.

இன்னொண்ணு. பாஸ்போர்ட், பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட், டிகிரி மூணுலயும் பேர் ஒரே மாதிரி இருக்கான்னு இப்பவே எடுத்துப் பாருங்க. ஒண்ணுல இனிஷியல் முன்னாடி, ஒண்ணுல பின்னாடி, ஒண்ணுல அப்பா பேர் முழுசான்னு இருக்கிறது நம்ம ஊர்ல சகஜம். 2022 நவம்பர்லேர்ந்து இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம் ஆயிடுச்சு. அதுக்குக் கட்டணம் 18,000 ரூபாய். நம்ம சர்டிபிகேட்டுகளை அவங்க சரிபார்க்கிற இடம் அதுதான், பேர் குழப்பத்தோட அங்க போய் நிக்காதீங்க.

பணத்தைச் சுருக்கமா சொல்லிடறேன். ஒரு வருஷச் செலவுக்குன்னு பிளாக்டு அக்கவுண்ட்ல 11,904 யூரோ போட்டுக் காட்டணும், 2024 செப்டம்பர்ல கூட்டின தொகை இது. மாசம் 992 யூரோ மட்டும்தான் அதுலேர்ந்து வெளியே வரும். நம்ம காசுல பன்னிரண்டு லட்சத்துக்கு மேல. பெரும்பாலான மாநிலங்கள்ல அரசு யுனிவர்சிட்டிக்கு ட்யூஷன் ஃபீஸ் இல்லைங்கறது உண்மைதான். ஆனா பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்துல நம்மளை மாதிரி ஐரோப்பிய யூனியனுக்கு வெளியேர்ந்து வர்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டியும் 2024-25 குளிர்கால செமஸ்டர்லேர்ந்து வாங்க ஆரம்பிச்சுட்டாங்க, மாஸ்டர்ஸுக்கு 4,000லேர்ந்து 6,000 வரைக்கும். "ஜெர்மனி ஃப்ரீ"ன்னு யாராவது சொன்னா எந்த ஊர், எந்த யுனிவர்சிட்டின்னு திருப்பிக் கேளுங்க. வேலை வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் பார்க்கலாம். முகவரி பதிவான சில வாரத்துல ரேடியோ-டிவி கட்டணம்னு மாசம் 18.36 யூரோ கேட்டு ஒரு கடிதம் வரும். என்கிட்ட டிவியே இல்லைன்னு தூக்கிப் போடாதீங்க, அது வீட்டுக்கு வீடு கட்டாயம். ஷேரிங் வீடா இருந்தா வீட்டுக்கு ஒண்ணுதான், பிரிச்சுக்கலாம்.

ராமானுஜன் போர்வை

கணித மேதை ராமானுஜனைப் பத்தி ஸ்கூல்ல 1729 கதை மட்டும்தான் சொல்லித் தந்தாங்க. வெளிநாடு போற நமக்குத் தேவையான கதை வேற ஒண்ணு இருக்கு.

1914 மார்ச் 17 அன்னிக்கு மெட்ராஸ்ல கப்பல் ஏறி, ஏப்ரல் 14 அன்னிக்கு லண்டன் போய்ச் சேர்ந்தார். பேராசிரியர் நெவில் வந்து அழைச்சுக்கிட்டுப் போய், கேம்பிரிட்ஜ்ல தன் வீட்டுலயே சில வாரம் தங்க வெச்சார். நல்ல ஆரம்பம்தான். அப்புறம் டிரினிட்டி கல்லூரியில தனி ரூம். குளிர்காலம் வந்தது. பின்னாள்ல புள்ளியியல்ல பெரிய ஆளான மகலனோபிஸ் அப்போ கேம்பிரிட்ஜ்ல மாணவர். ஒருநாள் ராமானுஜன் ரூமுக்குப் போனா, அவர் கணப்புப் பக்கத்துல ஒட்டி உட்கார்ந்திருக்கார். ராத்திரி குளிருதான்னு கேட்டா, ஓவர்கோட்டைப் போட்டு சால்வை சுத்திக்கிட்டுத் தூங்கறேன்னு சொல்றார். மகலனோபிஸ் உள்ள போய் கட்டிலைப் பார்த்தார். போர்வைகள் வேணுங்கற அளவு இருந்தது. எல்லாத்தையும் மெத்தைக்கு அடியில இறுக்கமா செருகி, மேல ஒரு விரிப்புப் போட்டு மூடியிருந்தாங்க. அந்த விரிப்பை எடுத்துட்டுப் போர்வைகளுக்கு நடுவுல நுழைஞ்சு படுக்கணும்னு ராமானுஜனுக்கு யாரும் சொல்லலை. அவர் போர்வைகளுக்கு மேலயே படுத்துக்கிட்டு இருந்திருக்கார்.

யோசிச்சுப் பாருங்க. உலகத்துலயே கஷ்டமான கணக்கைப் போடற மூளைக்கு இது தெரியலை. அறிவு இல்லாததால இல்லை, கேட்கக் கூச்சம். நம்மளும் அப்படித்தான். ஹீட்டர் திருகுல இருக்கிற 1 முதல் 5 வரை எண் என்னன்னு தெரியாம முதல் நவம்பர் முழுக்க ஜாக்கெட் போட்டுத் தூங்கினதா நம்ம சீனியர் சொன்னார். நூறு வருஷம் கழிச்சு அதே கதை.

ராமானுஜன் சைவம். அவரே சமைச்சுக்கிட்டார். முதல் உலகப் போர் வந்து சாமான் கிடைக்கிறது கஷ்டமாச்சு. ஒரு தடவை நண்பர் ஒருத்தரையும் அவருக்கு நிச்சயமான பொண்ணையும் விருந்துக்குக் கூப்பிட்டு ரசம் பரிமாறியிருக்கார். ரெண்டாவது தடவையும் ஊத்தினார். மூணாவது தடவை போதும்னு சொல்லிட்டாங்க. கொஞ்ச நேரத்துல ஆளைக் காணோம். டாக்ஸி பிடிச்சுக் கிளம்பிட்டார். சில நாள் கழிச்சுத் திரும்பி வந்தப்புறம்தான் தெரிஞ்சது, ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போயிருக்கார். எனக்குத் தெரிஞ்சு வெளிநாட்டுல ஒரு தமிழ் மாணவன் சொல்லாம கொள்ளாமப் போன முதல் ட்ரிப் கதை இதுதான். ஆனா அது ஊர் சுத்தறதுக்காகப் போன ட்ரிப் இல்லை, மனசு தாங்காம ஓடினது. 1917ல உடம்பு விழுந்தது, 1919ல ஊர் திரும்பினார், 1920 ஏப்ரல் 26 அன்னிக்கு 32 வயசுல இறந்துட்டார். நோய்க்குக் காரணம் தனிமைதான்னு சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனா சாப்பாடு, தூக்கம், நாலு மனுஷங்க, இந்த மூணும் சரியா இல்லாத இடத்துல அஞ்சு வருஷம் இருந்தார்ங்கறது உண்மை.

அண்ணன் கதை

எங்க பெரியப்பா பையன் போன வருஷம் பிப்ரவரில திரும்பி வந்துட்டார். ஒரு செமஸ்டர் முடியலை. எந்த ஊர்னு சொல்லலை, அந்த ஊர் மேல எந்தத் தப்பும் இல்லை. வீட்டுல எல்லாரும் "அவனுக்குப் படிப்பு ஏறலை"ன்னு முடிச்சுட்டாங்க. லோன் மட்டும் முடியலை, பெரியப்பா இன்னும் கட்டிக்கிட்டு இருக்கார். போன மாசம் கிரிவலப் பாதையில நடந்துக்கிட்டே அண்ணன்கிட்ட நேரடியா கேட்டேன். அவர் சொன்னதை அவர் அனுமதியோட எழுதறேன்.

அவர் எழுதின ரெண்டு பரீட்சையிலயும் பாஸ். படிப்பு பிரச்சினையே இல்லை. அக்டோபர்ல போனார். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க. அதுக்கப்புறம் சாயங்காலம் சீக்கிரமே இருட்டிடும், டிசம்பர்ல நாலரைக்கெல்லாம் சூரியன் கிடையாது. நம்ம ஊர் பூமத்திய ரேகைக்கு 12 டிகிரி வடக்கே இருக்கு. இங்க மார்கழியில கூட பகல் பதினோரு மணி நேரத்துக்கு மேல இருக்கும். ஆக்கன் மாதிரி ஊர் 51 டிகிரிக்குக் கிட்ட. டிசம்பர்ல பகல் சுமார் எட்டு மணி நேரம்தான், அதுலயும் பாதி நாள் மேகம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சூப்பர் மார்க்கெட்டே மூடியிருக்கும். அண்ணன் சனிக்கிழமை நூடுல்ஸ் வாங்கி வெச்சுட்டு, திங்கட்கிழமை காலைல வரைக்கும் ரூமை விட்டு வெளியே வர மாட்டாராம். வீடியோ காலில் பெரியம்மாகிட்ட நல்லா சிரிச்சுப் பேசிட்டு, வெச்சதும் படுத்துடுவாராம். நாலு மாசத்துல ஊரை விட்டு வெளியே போனது ரெண்டே தடவை, ரெண்டுமே வேலைக்காக.

"டிக்கெட் கையில இருந்துச்சுடா. காசு ஏற்கனவே கட்டியாச்சு. ஆனா ஊர் சுத்தினா லோன் காசுல ஜாலி பண்ற மாதிரி குற்ற உணர்ச்சி. ரூம்லயே இருந்தா சிக்கனமா இருக்கேன்னு நினைச்சேன்"னார்.

இந்த வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுத ஆரம்பிச்சேன். நம்ம வீடுகள்ல ட்ரிப்னாலே செலவு, ஆடம்பரம். படிக்கப் போனவன் படிக்கணும், சுத்தக் கூடாது. ஆனா ரூம்ல அடைஞ்சு கிடந்த சிக்கனத்துக்கு எங்க குடும்பம் கொடுத்த விலை கிட்டத்தட்ட ஒரு முழு லோன்.

மாடி அக்கா

எங்க மாடியில இப்போ இருக்கிறவங்க ஜெர்மனிக்காரங்க. வயசு அறுபத்திரண்டு. அம்மாலேர்ந்து பால்காரர் வரைக்கும் எல்லாரும் அவங்களை அக்கான்னுதான் கூப்பிடுவோம், அவங்களுக்கும் அது பிடிச்சிருக்கு. முதல்ல வந்தப்போ பத்து நாள் அழுதாங்களாம். சத்தம், வெயில், குரங்கு, யாரைக் கேட்டாலும் "நாளைக்கு". அப்புறம் ஒரு பழைய சைக்கிள் வாங்கினாங்க. தினமும் காலைல ஒரே கடையில ஒரே நேரத்துக்கு இட்லி. பௌர்ணமி அன்னிக்கு செங்கம் ரோடு பக்கம் வண்டி எடுக்கக் கூடாதுன்னு கத்துக்கிட்டாங்க. மூணாவது ஞாயிறு தனியா பஸ் ஏறி செஞ்சிக்குப் போனாங்க. இங்கேர்ந்து 40 கிலோமீட்டருக்குள்ளதான். ராஜகிரி ஏறி இறங்கி, பொழுது சாயறதுக்குள்ள திரும்பிட்டாங்க. பஸ் கீழ்பென்னாத்தூர் தாண்டினதும் தூரத்துல நம்ம மலை தெரிஞ்சிருக்கு. "அந்த நிமிஷம் 'வீடு வந்துடுச்சு'ன்னு தோணிச்சு. அதுக்கு முன்னாடி ஒரு தடவையும் தோணலை"ன்னு சொன்னாங்க.

செஞ்சி நல்ல கோட்டைதான், 2025 ஜூலைல யுனெஸ்கோ பட்டியலுக்கும் போயிடுச்சு. ஆனா அக்கா சொன்னது கோட்டையைப் பத்தி இல்லை, திரும்பி வர்ற பஸ்ஸைப் பத்தி. ஊரை விட்டு ஒரு நாள் வெளியே போனதாலதான் திரும்பி வர ஒரு இடம் இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பெரிய டூர் அவங்க போறதே இல்லை. சாத்தனூர் அணை, பாண்டிச்சேரி, 50 ரூபாய் டிக்கெட்ல பீச் ஸ்டேஷன் போற அந்த ரயில்ல மெட்ராஸ். காலைல கிளம்பினா ராத்திரி சொந்தக் கட்டில்ல தூக்கம்.

அதே கணக்கை அங்க போடலாம்

டாயிச்லாண்ட் டிக்கெட்னு ஒண்ணு இருக்கு. 2023 மே 1 அன்னிக்கு மாசம் 49 யூரோவுக்கு ஆரம்பிச்சாங்க, 2025ல 58, இந்த ஜனவரிலேர்ந்து 63. நாடு முழுக்க டவுன் பஸ், ட்ராம், மெட்ரோ, லோக்கல் ரயில் எல்லாத்துலயும் ஏறலாம். ஐசிஇ, ஐசி மாதிரி வேக ரயில்ல மட்டும் ஏறக் கூடாது, ஏறி மாட்டினா அபராதம். பல யுனிவர்சிட்டில மாணவர்களுக்கு இது 60 சதவீத விலைல செமஸ்டர் கட்டணத்தோடயே வந்துடும். 63ல 60 சதவீதம் 37.80. ஆறு மாசத்துக்கு 226.80 யூரோ. அது நீங்க ஏற்கனவே கட்டின பணம். நீங்க ரூம்ல படுத்துக் கிடந்தாலும் அது போயிடும். அண்ணன் சொன்ன குற்ற உணர்ச்சி கணக்குப்படி பார்த்தா தலைகீழா வருது.

ஆக்கனையே எடுத்துக்குவோம், ஏன்னா நம்ம மெக்கானிக்கல் பசங்க பாதிப் பேர் அங்கதான் அப்ளை பண்றீங்க. ஊருக்கு ஓரத்துலயே ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூணும் ஒரு கல்லுல சந்திக்கிற இடம் இருக்கு. அதுதான் நெதர்லாந்தோட ஐரோப்பிய நிலப்பரப்புலயே உயரமான இடமும். எவ்வளவு உயரம்னு நினைக்கிறீங்க? 322 மீட்டர். நம்ம மலை 814. தீபம் பார்க்க உச்சி ஏறினவன் ஒருத்தன் அங்க போய் நின்னு "இதுவா"ன்னு கேட்டா டச்சுக்காரங்க மன்னிக்கணும். முதல் ஞாயிறுக்கு இது போதும், லோக்கல் பஸ்தான். எல்லை தாண்டறதால பாஸ்போர்ட்டோ ரெசிடென்ஸ் அட்டையோ கையில இருக்கணும். ஜெர்மன் மாணவர் வீசாவுல மத்த ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாள்ல 90 நாள் வரைக்கும் போயிட்டு வரலாம். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் அது செல்லாது.

அடுத்தது ஆர்இ 1 ரயில். இந்த ஒரு ரயிலை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. ஆக்கன்ல கிளம்பி கொலோன், டூஸல்டார்ஃப், எஸ்ஸன், டார்ட்முண்ட் வழியா ஹாம் வரைக்கும் போகுது. கொலோன் ஒரு மணி நேரம். ஸ்டேஷன் வாசல்லயே அந்தக் கதீட்ரல் நிக்கும், தேட வேண்டாம். 157 மீட்டர் உயரம். நம்ம ராஜகோபுரம் 217 அடி, அதாவது 66 மீட்டர். 1248ல கட்ட ஆரம்பிச்சு 1880லதான் முடிச்சாங்க. நடுவுல நூத்துக்கணக்கான வருஷம் வேலை அப்படியே நின்னு கிடந்தது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தள்ளிப் போடறவங்களுக்கு ஆறுதல். தெற்கு கோபுரத்துல 533 படி ஏறலாம், கந்தாஸ்ரமம் ஏறின கால்களுக்கு அது ஒண்ணுமில்லை.

அதே ரயில்ல கடைசி ஸ்டேஷன் வரைக்கும் உட்கார்ந்திருந்தா, ஏறக்குறைய மூணு மணி நேரத்துல ஹாம். அங்கேர்ந்து பஸ்ல ஊன்ட்ராப். சுத்தி ஒரே தொழிற்பேட்டை, கம்பெனி ஷெட்டுகள். அதுக்கு நடுவுல 17 மீட்டர் கோபுரம். ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில். 2002 ஜூலைல கும்பாபிஷேகம் ஆச்சு. ஐரோப்பாவுல இருக்கிற பெரிய இந்துக் கோயில்கள்ல ஒண்ணு. கட்டினது நம்ம மாதிரி அட்மிட் லெட்டரோட போனவங்க இல்லை. போருக்குத் தப்பி எண்பதுகள்ல போன ஈழத் தமிழர்கள். முதல்ல ஒரு வீட்டோட கீழ்த்தளத்துல சின்னதா வெச்சுக் கும்பிட்டிருக்காங்க.

இதுல ஒரு விஷயம் என்னைத் தூங்க விடலை. அகதியா விண்ணப்பிச்சுட்டு முடிவுக்குக் காத்திருக்கிறவங்க, அவங்களுக்கு ஒதுக்கின மாவட்டத்தை விட்டு அனுமதி இல்லாம வெளியே போகக் கூடாதுன்னு அப்போ ஜெர்மனில சட்டம் இருந்தது. பக்கத்து ஊர்ல இருக்கிற சொந்தக்காரரைப் பார்க்கவும் அனுமதிச் சீட்டு. அவங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ட்ரிப்னு ஒண்ணு கிடையாது. இன்னிக்கு வருஷா வருஷம் கோடைல அங்க தேர் ஓடுது, பல நாட்டுலேர்ந்து ஆயிரக்கணக்குல ஜனங்க வர்றாங்க, காவடி எடுக்கறாங்க, தீர்த்தத்துக்குப் பக்கத்துக் கால்வாய்க்குப் போறாங்க. போக முடியாம இருந்தவங்க கட்டின இடத்துக்கு இப்போ எல்லாரும் கிளம்பி வர்றாங்க. நம்ம சீனியர் முதல் தடவை போனப்போ அன்னதானத்துல ஒரு பாட்டி "எவடம் பிள்ளை"ன்னு கேட்டிருக்காங்க. திருவண்ணாமலைன்னு சொன்னதும் இன்னொரு கரண்டி சாம்பார் வந்துச்சாம்.

சில எச்சரிக்கைகள், வேகமா. வார இறுதில தண்டவாள வேலைன்னு ரயிலை நிறுத்தி பஸ் விடறது அங்க சகஜம், கிளம்பறதுக்கு முன்னாடி டிபி நேவிகேட்டர் ஆப்ல பாருங்க. கடைசி ரயிலை நம்பாதீங்க, அதுக்கு முந்தினதைப் பிடிங்க. சனிக்கிழமையே சாமான் வாங்கிடுங்க. தண்ணி பாட்டிலைத் தூக்கிப் போடாதீங்க, கடையில இருக்கிற மெஷின்ல போட்டா 25 சென்ட் திரும்ப வரும். ராத்திரி பத்து மணிக்கு மேல சத்தம் கூடாது, குக்கர் விசில் உட்பட.

அப்புறம் மறுபக்கமும் இருக்கு. வாராவாரம் ஒரு நாடுன்னு ஸ்டேட்டஸ் போடறவங்களையும் நம்ம சீனியர் பார்த்திருக்கார். அங்க இன்டர்னல் மார்க், அசைன்மெண்ட் மார்க்னு நம்மளைத் தாங்கிப் பிடிக்க பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. செமஸ்டர் கடைசில ஒரே பரீட்சை. ஒரு பேப்பருக்குப் பொதுவா மூணு வாய்ப்புதான், மூணாவதும் போனா அந்தப் படிப்பையே விடணும். இங்க அரியரை அடுத்த செமஸ்டர்ல பார்த்துக்கலாம்னு பழகின நமக்கு இது பயங்கரம். அதனால ஜனவரி, பிப்ரவரி ஞாயிறுகள் லைப்ரரிக்கு. அக்டோபர், நவம்பர், டிசம்பர்ல ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு வெளியே, அதுவும் பகல் போற வரைக்கும். ராத்திரி தங்கற ட்ரிப்பெல்லாம் பரீட்சைக்கு அப்புறம். இது நான் எனக்காகப் போட்டு வெச்சிருக்கிற கணக்கு, உங்களுக்கு மாறலாம்.

இன்னொரு யோசனை, இது அக்கா சொன்னது. போற ஊர்ல முதல் வாரமே வாரத்துக்கு ஒரு தடவை ஒரே நேரத்துல ஒரே ஆளுங்களைப் பார்க்கிற மாதிரி ஏதாவது ஒண்ணுல சேரணும். யுனிவர்சிட்டி ஸ்போர்ட்ஸ்ல பாட்மிண்டன், கொயர், எதுவானாலும். ஒருநாள் நீங்க வரலைன்னா "ஏன் வரலை"ன்னு கேட்க ஒரு ஆள் வேணும். அண்ணனுக்கு அந்த ஊர்ல அப்படி ஒருத்தர் இல்லை.

போன ஞாயிறு அப்பா, நான், அண்ணன் மூணு பேரும் லோன் பேப்பரோட உட்கார்ந்தோம். மாசச் செலவுப் பட்டியல் எழுதினப்போ வாடகை, இன்ஷூரன்ஸ், சாப்பாடுக்குக் கீழ 'ஞாயிறு, 40 யூரோ'ன்னு அண்ணன் தன் கையாலயே எழுதினார். அப்பா அதை ஒரு நிமிஷம் பார்த்தார், அடிக்கலை.

பாஸ்போர்ட் பேர், ஏபிஎஸ் சந்தேகம் இருக்கிறவங்க என்னை லேப்ல பிடிங்க. அண்ணன்கிட்ட பேசணும்னா சனிக்கிழமை காலைல அஞ்சு மணிக்கு ரமணாஸ்ரமம் வாசலுக்கு வாங்க. 14 கிலோமீட்டர் நடக்கிறார், பேசிக்கிட்டே வரலாம்.